ஒரே தப்பு, இரண்டு தாள்

செப்டம்பர் 9, செவ்வாய்

நரம்பியல் உளவியல் இண்டர்னல் தாள் கொடுத்தார்கள். ஐம்பதுக்குப் பதினேழு. சீனியர்கள் எமன் பேப்பர் என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் இருபது மார்க் மூளைப் படத்துக்கு முட்டையா? அப்பாவின் கட்டம் போட்ட கிராப் தாளில் பத்து முறை போட்டு, அதைப் பார்த்தே மனப்பாடம் செய்த படம்.

பக்கத்து பெஞ்சு தேவிப்ரியாவுக்கும் படத்துக்கு முட்டை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன்?

செப்டம்பர் 10, புதன்

சாவித்திரி மேடம் எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டு, இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்தார். இடது மூளையில் இருக்க வேண்டிய பேச்சுப் பகுதி இரண்டிலும் வலது பக்கம். எல்லாமே இடம் வலமாக மாறியிருக்கிறது.

"ஒருத்தி தப்பு பண்ணா நம்பலாம். பக்கத்துல பக்கத்துல உக்காந்துகினு ரெண்டு பேரும் ஒரே தப்பா? யாரு யாரைப் பாத்து எழுதனீங்கன்னு திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் இண்டர்னல் ஜீரோ. செமஸ்டர் எழுத முடியாது."

நான் பார்த்து எழுதவில்லை. அப்படியானால் பார்த்தவள் யார்?

செப்டம்பர் 12, வெள்ளி

மேடத்திடம் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். 'தேவிப்ரியா என் தாளைப் பார்த்ததை நான் கண்டேன்.'

கண்டேனா? ஒரு முறை தலையைத் திருப்பினாள். கண்டேன் என்றே இருக்கட்டும். அவள் எதில்தான் உண்மை பேசினாள்? அப்பா பிசினஸ் என்பாள். என்ன பிசினஸ் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

"இன்னாம்மா லிடியா, தாள் குடுத்தாங்களா?" என்று அப்பா மூன்று முறை கேட்டுவிட்டார். இவருக்கு யார் போட்டுக் கொடுத்தது?

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் சேத்துப்பட்டு பஸ் ஏறித் தேவிப்ரியா வீட்டுக்குப் போனேன். புத்தகம் வாங்க என்று சாக்கு. அவள் பொய்க்காரி என்று ஒரு ஆதாரம் கிடைத்தால், நான் எழுதியதும் உண்மையாகிவிடும் என்று ஒரு கோணல் புத்தி.

நான் நுழைந்ததும், எழுதிக்கொண்டிருந்த நோட்டைப் படக்கென்று மூடினாள். உள்ளே தறிச் சத்தம். அவள் அப்பா நெய்துகொண்டிருந்தார்.

"பிசினஸ்னு சொன்னியே?"

"கூலித் தறின்னு சொல்லிகினு திரியச் சொல்றியா? நீ மட்டும் உங்கப்பாவ இன்னான்னு சொல்லி வச்சிருக்க?"

டிசைனர் என்று. உண்மையில் அவர் தறிக்காரர்களுக்குப் புடவை மாதிரியைக் கட்டத் தாளில் கிராப் போட்டுக் கொடுப்பவர்.

தறி ஓரத்தில் ஒரு கிராப் தாள். அதில் வலப்பக்கம் பார்க்கும் கிளி. பக்கத்தில் நெய்து மடித்து வைத்த புடவையின் முந்தானையில் அதே கிளி இடப்பக்கம் பார்த்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். புடவையின் முகம் கீழே இருக்கும்படி நெய்வதால், மாதிரிப் படத்தைக் கிராப்பில் திருப்பித்தான் போட வேண்டும்.

"இதை யாருடி போட்டது?"

"நான்தான். அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல. மூளைப் படத்தையும் இதுலதான் போட்டுப் பழகினேன். ஏன்?"

கிளியைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து அப்பாவுக்கு நானும் போட்டுக் கொடுக்கிறேன். கிராப்பைக் கண்டால் கை தானாகத் திருப்பும். புத்தகத்து மூளையையும் திருப்பிவிட்டது. என் கையும், அவள் கையும்.

கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சீ, நான் என்ன ஜென்மம்?

செப்டம்பர் 15, திங்கள்

கடிதத்தில் எழுதியது பொய் என்று மேடத்திடம் சொன்னேன். கிராப் விஷயத்தையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

தேவிப்ரியாவையும் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், ஆளுக்கு ஒரு அறையில் உட்காரவைத்து, ஒரு மீன் படத்தையும் கிராப் தாளையும் கொடுத்தார். "புடவைக்குப் போடற மாதிரி போடுங்க." பத்து நிமிடத்தில் இரண்டு மீன்களும் மேடத்தின் படத்துக்கு எதிர்த் திசையில் நீந்தின. மேடம் சிரித்தேவிட்டார். மறுதேர்வு உண்டு.

கடிதத்தைப் பற்றி அவள் முன்னால் அவர் மூச்சு விடவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

மறுதேர்வில் எனக்கு முப்பத்தெட்டு. இரண்டு வாரமாக அவளும் நானும் பஸ்ஸில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டே வந்தோம். இருவரும் கிராப்பைத் தொடவே இல்லை. அவளுக்கு நாற்பத்தொன்று. எனக்குத் தெரியாமல் வேறு நோட்ஸ் வைத்திருக்கிறாளோ?

நவம்பர் 17, திங்கள்

செமஸ்டர். படம் வந்தது. இடது மணிக்கட்டில் 'இ' என்று எழுதிக்கொண்டு போனேன். பிட் என்பார்களோ என்று வாசலிலேயே எச்சில் தொட்டு அழித்தேன். கை சரியாகப் போட்டது.

ஜனவரி 9, வெள்ளி

ரிசல்ட். நூற்றுக்கு எழுபத்திரண்டு! அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தேவிப்ரியாவுக்கு எழுபத்தொன்பது.

பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடிக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "உன் லெட்டரை மேடம் அந்த வெள்ளிக்கிழமையே என்கிட்ட காட்டிட்டாங்க."

வெள்ளிக்கிழமையே. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காபி?

"தெரிஞ்சுமா எனக்குக் காபி குடுத்த?"

"நானும் உன்மேல ஒண்ணு எழுதிகினு இருந்தேன். நீ வந்து நின்ன. அப்புறம் கிளியைப் பாத்து அழற மாதிரி நின்னியே, அதை மேடத்துகிட்ட குடுக்க மனசு வரல. கிழிச்சுப் போட்டுட்டேன்."

மூடிய நோட்டு நினைவுக்கு வந்தது. நிஜமாகவே கிழித்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நம்பினேன்.