பார்க்காமல் சொன்ன சொல்

மார்ச் 4, செவ்வாய்

எட்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாயிற்று. போதும். மனிதர்களிடம் சொல்ல முடியவில்லை என்றால் இந்த நோட்டிடமாவது சொல்லித் தொலைக்கிறேன்.

'இன்றைய இடறல்' என்ற இணையக் குழுவில் 'நாலாவது மாடி' என்ற பெயரில் எழுதுகிறவர் என் அண்ணன். தம்பி நானும் அங்கே இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே என் பெயர் 'எட்டிக்காய்'. நானே வைத்துக்கொண்டது. பொருத்தம் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

குழுவில் நாற்பது சொச்சம் பேர். யார் முகமும் யாருக்கும் தெரியாது. அன்றன்று செய்த அசட்டுத்தனம், பட்ட எரிச்சல், அரிக்கிற கவலை எதையாவது எழுத வேண்டும். மற்றவர்கள் சிரிக்க வேண்டும், அல்லது 'எனக்கும்தான்' என்று தோளில் தட்ட வேண்டும். குழுவை நடத்துபவர் 'ஈரத்துண்டு', ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மாதக் கடைசியில் ஆகச்சிறந்த இடறலுக்குப் 'பொன் வாழைத்தோல்' பட்டம் கொடுப்பார். நேரில் எவனோடும் ஒத்துப்போகாத நான் இந்த முகமில்லாதவர்களோடு மூன்று வருடமாக ஒத்துப்போகிறேன்.

அண்ணனிடமிருந்து ஆறு நாளாக ஒரு வரி இல்லை.

எனக்கென்ன?


மார்ச் 5, புதன்

எனக்கென்ன என்று எழுதிவிட்டுப் படுத்தவன் தூங்கவில்லை. அவர்தான் என்று எப்படித் தெரிந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அண்ணனும் அதே வேலைக்குப் போனார். லிஃப்ட் குழிக்குள் ஒருவன் இறங்குவதற்கு முன், மேலே மின்சாரத்தை நிறுத்தியவன் "அணைச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். இன்னொருவன் போய், சுவிட்சைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, "பார்த்தாச்சு" என்று திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் குழிக்குள் கால் வைக்கலாம். அப்பா இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வெளியே கிளம்பும்போது அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டுக் கத்துவார். நான் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்துவேன். ஒரு நாள் ஸ்கூல் அவசரத்தில் பார்க்காமலே கத்தினேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "உன் வார்த்தையை நம்பி ஒருத்தன் குழியில இறங்குவான்டா" என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம்.

போன ஜூலையில் 'நாலாவது மாடி' எழுதியிருந்தது: "அடுப்பை அணைச்சாச்சுன்னு சத்தமா சொல்லிட்டுக் கதவுகிட்ட பத்து நிமிஷம் நின்னேன். பார்த்தாச்சுன்னு சொல்ல வீட்டுல ஆளில்லைன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துது."

அண்ணி இறந்துபோய் மூன்று வருடம். அப்போதும் நான் போகவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதற்குக் கீழே ஒரே சொல் போட்டேன்: பார்த்தாச்சு.

ஏன் போட்டேன்? குத்திக் காட்டவா? இரக்கமா? கை போட்டது, அவ்வளவுதான் தெரியும். மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் "அணைச்சாச்சு" என்று மட்டும் எழுதினார். நான் ஆபீஸ் நாற்காலியில் இருந்தபடி "பார்த்தாச்சு" என்றேன். அதற்கடுத்த நாளும். அப்படியே வழக்கமாகிவிட்டது. "ரெண்டு பேருக்கும் ஜாதகம் பார்த்துடலாமா?" என்று ஈரத்துண்டு கேட்டார். சிரிப்பு.

கடைசியாக அவர் எழுதியது பிப்ரவரி 26, ஒன்பது நாற்பது. அணைச்சாச்சு.

கடைசியாக நான் எழுதியது பிப்ரவரி 26, ஒன்பது நாற்பத்தொன்று.


மார்ச் 7, வெள்ளி

ஆபீசில் இன்று மின் அடுப்பு ஒன்றின் கையேடு. இயந்திரக் கையேடுகளைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. 'கவனிப்பாரின்றி இயங்க விடாதீர்.' 'நினைவாற்றல் குன்றியவர்கள் தனியே பயன்படுத்த வேண்டாம்.' எனக்குக் கீழே வேலை பழகி இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவன் வந்து எட்டிப் பார்த்தான். "சார், எச்சரிக்கைப் பகுதின்னா உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை." போடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மதியம் அண்ணனின் பழைய பதிவுகளை வரிசையாகப் படித்தேன். வீட்டுச்சாவி உப்பு டப்பாவுக்குள். ஒரே சட்டைக்கு இரண்டு தடவை பொத்தான் தைத்தது. ஐந்தாவது மாடிக்குப் போய் அடுத்தவன் கதவைத் தட்டி, "என் வீட்டுல நீ யாரு?" என்று கேட்டது. அப்புறம் இது: "சாப்பிட்டேனான்னு தெரியலை. தட்டு ஈரமா இருக்கு. அப்ப சாப்பிட்டிருப்பேன்."

அதற்குக் கீழே எட்டிக்காய்: "தட்டைக் கழுவிய மர்ம நபரைத் தேடவும்." முப்பத்தொரு பேர் சிரித்திருக்கிறார்கள். ஜனவரிப் பட்டத்துக்கு அவரை முன்மொழிந்ததும் நான்தான். கிடைத்தது. "வாழ்க்கையில வாங்கின முதல் பட்டம். முன்மொழிஞ்சவர் நல்லா இருக்கணும்" என்று எழுதினார்.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம். நான் குருத்தும் இல்லை, ஐம்பத்தி நாலு.

இது வெறும் மறதி இல்லை என்பது எனக்கு அக்டோபரிலேயே தெரியும். முப்பத்தைந்து வருடம் எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதர் அவர். சிரித்த நாற்பது பேரில் அவருடைய கதவு எண் தெரிந்தவன் நான் ஒருவன். ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு குரல், வேணும், நல்லா வேணும் என்றது. என் குரல்தான்.

எதற்கு வேணும்? அம்மாவுக்கு. ஒன்பது வருடம் முன்னால், எனக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ. காலை பதினொரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. அவர் எனக்குச் சொல்லவில்லை. இன்டர்வியூ கெடக்கூடாதாம். மாலை நான்கு மணிக்கு வெளியே வந்து போனை எடுக்கிறேன், எல்லாம் முடிந்திருந்தது. வேலையும் கிடைக்கவில்லை, அம்மாவின் கடைசி முகமும் கிடைக்கவில்லை. "உனக்காகத்தான்டா" என்றார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்.


மார்ச் 9, ஞாயிறு

காலையில் சமையலறை வாசலில் நின்று "பார்த்தாச்சு" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

மனைவி திரும்பினாள். "என்னத்தைப் பார்த்தீங்க? நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலை."

"நீ எதுவும் சொல்லலையா?"

"நான் எங்க சொன்னேன்? நாலு நாளா நீங்கதான் யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க. குளிக்கிறப்பகூட."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பாதியிலேயே அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. உங்க சதை ஆடறதுக்கு எட்டு மாசம் ஆச்சு" என்றாள். பிறகு தன் போனில் ஒரு எண்ணைத் தேடி நீட்டினாள். நான் ஒன்பது வருடம் முன்பு அழித்த எண். அவள் 'பெரியவர்' என்று வைத்திருந்தாள்.

போட்டேன். அணைக்கப்பட்டிருக்கிறதாம்.


மார்ச் 10, திங்கள்

ஒன்பது நாற்பது. யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.


மார்ச் 13, வியாழன்

ஈரத்துண்டு இன்று குழுவில் கேட்டார்: "நம்ம நாலாவது மாடியை ரெண்டு வாரமாக் காணோமே, யாருக்காவது தெரியுமா?"

'பல்லவன்' பதில் போட்டான், தொழில் பல் டாக்டர்: "லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிச்சு போல." பதினெட்டு சிரிப்பு.

இன்னொருவர்: "எட்டிக்காயைக் கேளுங்க. அவர்தானே தினமும் பார்க்கிறவர்."

தினமும் பார்க்கிறவர். நான்கு முறை பதில் எழுதி நான்கு முறையும் அழித்தேன். ஒரு நாளாவது பார்த்தேனா? என்னத்தைப் பார்த்தேன்? பிப்ரவரி 26 அன்று அந்தச் சொல்லை அடித்தபோது இடது கையால் ஃபைலில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். திரையைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.


மார்ச் 15, சனி

போனேன்.

கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. படியேறினேன். நாலாவது மாடிக்கு இரண்டு படி முன்பே அந்த வாசனை வந்துவிட்டது. நனைந்த கரி. கதவில் புதுப் பூட்டு. சமையலறை ஜன்னலுக்கு மேலே சுவரில் கறுப்பாக ஒரு நாக்கு.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எதிர்வீட்டம்மா கதவைத் திறந்தார். தையல்காரர், கழுத்தில் அளவு நாடா.

"யாரு வேணும்?"

"இந்த வீட்டுக்காரர்..."

"நீங்க யாரு?"

"தெரிஞ்சவன்" என்றேன். என் வாயில் வந்தது அதுதான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன மாசம் இருபத்தாறாம் தேதி, காலையில. பாலை வெச்சிட்டு லிஃப்ட் ரிப்பேருக்குக் கீழ போயிட்டாரு. இந்த லிஃப்டை அவர்தானே ஓட்டிக்கிட்டிருந்தாரு, இப்ப பாருங்க, பொணம் மாதிரி நிக்குது. பால் பொங்கித் தீஞ்சு, பக்கத்துல இருந்த துணி பிடிச்சு, அப்படியே அலமாரிக்குப் போயிடுச்சு. புகையைப் பார்த்துட்டு மேல ஓடிவந்து வெறுங்கையால துணியை இழுத்திருக்காரு. இடது கை பூரா வெந்துபோச்சு. உயிர் தப்பிச்சதே பெரிசு."

அளவு நாடாவைக் கழற்றிக்கொண்டே தொடர்ந்தார்.

"'ஏன் சார், அடுப்பை அணைக்காம யாராவது போவாங்களா'ன்னு நான் திட்டினேங்க. வலியில துடிச்சுக்கிட்டே சொல்றாரு, 'அணைச்சேம்மா. தம்பியும் பார்த்துட்டான். பார்த்தாச்சுன்னு எழுதியிருக்கான் பாரு'ன்னு போனைக் காட்டறாரு. தம்பின்னு ஒருத்தர் இருக்காரான்னே எங்களுக்குத் தெரியாது. பத்து வருஷமா ஒரு ஈ காக்கா வந்து நாங்க பார்க்கலை. மூளை குழம்பிப்போச்சுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. இப்ப ஒரு முதியோர் இல்லத்துல வெச்சிருக்காங்க."

விலாசம் எழுதிக் கொடுத்தார். நான்கு மாடியும் இறங்கி வந்த பிறகுதான் அவருக்கு நன்றி சொல்லவில்லை என்பது தெரிந்தது.


மார்ச் 16, ஞாயிறு

அவருக்குத் தெரியும்.

ஒரு சொல்லை வைத்து நான் அவரைக் கண்டுபிடித்தேன் என்று எட்டு மாதம் கெட்டிக்காரனாக உட்கார்ந்திருந்தேன். அவர் "அணைச்சாச்சு" என்றால், உலகத்தில் "பார்த்தாச்சு" என்று பதில் சொல்ல இன்னொருவன் யார் இருக்கிறான்? எனக்கு ஒரு நிமிடம் என்றால் அவருக்கு அரை நிமிடம் பிடித்திருக்கும். இது தோன்றவே இல்லையே எனக்கு! எம்.ஏ. படித்த மரமண்டை.

அப்படியென்றால் மர்ம நபர் ஜோக்கு? என் ஜோக்கு என்று தெரிந்துதான் படித்தார். பட்டம்? தம்பி கொடுத்தது என்று வாங்கிக்கொண்டார். நல்லா இருக்கணும் என்றாரே, என்னைத்தான்.

குழம்பிப்போன மூளை என்கிறார்கள். அதில் கலங்காமல் நின்றது ஒன்றே ஒன்று: தம்பி பார்த்துவிட்டுத்தான் சொல்வான்.


மார்ச் 19, புதன்

போகவில்லை. மூன்று நாளும் கிளம்பிக் கிளம்பி ஆபீசுக்கே போனேன்.

"நான் கூட வரட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்."

"அவர் திட்டினா வாங்கிக்கங்க."

திட்டினால் பரவாயில்லையே.


மார்ச் 23, ஞாயிறு

போய்வந்தேன். மத்தியானம் மூன்று மணி. நீள அறை, ஆறு கட்டில், ஜன்னலோரம் அவர். ரொம்பச் சின்ன உருவமாகிவிட்டார். இடது கையில் முழங்கை வரை கட்டு. வலது கையால் கட்டில் விளிம்பில் திருகு ஒன்றை இல்லாத கருவியால் முடுக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்தார்.

"எந்த மாடி?"

"நாலு" என்றேன்.

"நாலுக்கு இப்ப போகாது. பழுது." குனிந்துகொண்டார். பிறகு மறுபடி நிமிர்ந்து வெகுநேரம் என்னைப் பார்த்தார். "டேய், இன்டர்வியூ முடிஞ்சுதா?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"முடிஞ்சதும் சொல்லு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இப்ப வேணாம். முடியட்டும்." குரல் உடைந்தது. வலது கையால் வாயை மூடிக்கொண்டார். ஒன்பது வருடமாக அவர் அந்தப் பதினொரு மணியிலேயே நின்றிருக்கிறார் — என்னிடம் சொல்லாமல், சொல்ல முடியாமல். நான் ஒருவன்தான் தனியாக அழுதேன் என்று நினைத்திருந்தேன்.

"முடிஞ்சுதுண்ணா" என்றேன். "நல்லா போச்சு."

"போச்சா? வேலை உனக்குத்தானே?"

"எனக்குத்தான்."

முகம் மலர்ந்தது. சொல்ல வேண்டிய விஷயம் அந்த மலர்ச்சியில் எங்கோ நழுவிவிட்டது. அவர் தேடவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்ப எழுந்தபோது அவரும் எழுந்தார். தடுமாறிக்கொண்டே சுவர்ப்பக்கம் போய், தன் கட்டிலுக்கு மேலே ஓடிய மின்விசிறியை நிறுத்த ஒரு சுவிட்சைத் தட்டினார். "அணைச்சாச்சு" என்றார். அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. அப்பாவின் குரல்.

நுனிநாக்குக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சுவிட்ச் வரைக்கும் நடந்தேன். ஏழு சுவிட்சுகள் இருந்தன. அவர் தட்டியது எது என்று பார்த்தேன், அது பக்கத்துக் கட்டிலுக்கானது. அவருடைய விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் விசிறியைத் திரும்பப் போட்டுவிட்டு, சரியானதை அணைத்தேன். இறக்கைகள் நிற்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். சுவிட்சைத் தொட்டேன்.

"பார்த்தாச்சு" என்றேன்.

அவர் படுத்துக்கொண்டார். உடனே கண்ணை மூடிவிட்டார்.


மார்ச் 24, திங்கள்

இன்று லீவு. குழுவில் இந்த மாதப் பட்டத்துக்கு ஓட்டெடுப்பு ஆரம்பித்திருக்கிறது. "காணாமல்போனதே பெரிய இடறல்" என்று பல்லவன் நாலாவது மாடியை முன்மொழிந்திருக்கிறான். இருபத்தி இரண்டு ஓட்டு. அவன்மேல் கோபம் வரவில்லை. சொல்லிக் கொடுத்தவனே நான்தானே.

இந்த நோட்டின் பக்கங்களை அப்படியே கணினியில் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். இதுவும் சேர்ந்ததுதான். குழுவில் பெயரில்லாமல் போட ஒரு வழி உண்டு, மானம் போகிற விஷயங்களுக்காக ஈரத்துண்டு வைத்தது. அதில் போடப்போகிறேன். எட்டிக்காய் என்று போட்டால் பத்து நிமிடத்தில் நாற்பது பேரும் வந்து, 'உங்க மேல தப்பில்லை, மனசைத் தேத்திக்கங்க' என்பார்கள். நல்ல ஜனங்கள், சொல்லத்தான் சொல்வார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் படுத்திருக்கிறார். தைரியம் இல்லை என்பதும் ஒரு காரணம், அதையும் எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்களுக்கு யார் எழுதியது என்று எப்படியும் தெரிந்துவிடும். தெரியட்டும். கையெழுத்துப் போட்டு ஆறுதல் வாங்கமாட்டேன்.

மனைவி கடைக்குப் போகிறாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அடுப்பை அணைச்சுட்டேன்" என்று குரல் கொடுத்தாள். அவள் இதுவரை அப்படிச் சொன்னதே இல்லை.

எழுந்து போனேன். குமிழைத் தொட்டுப் பார்த்தேன். பதில் சொன்னேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வந்து உட்கார்ந்திருக்கிறேன். பெயர் கேட்கிற கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.