பிப்ரவரி மூன்றாம் தேதி நிலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கொல்லிமலைக் குளிர் இன்னும் பழகவில்லை.

அலுவலகத்தில் மிளகு விவசாயிகளின் பட்டியலை எக்செல் தாளாக்க ஒரு கணினி ஸ்கிரிப்ட் எழுதினேன். தலைப்புக்குப் பச்சை நிறம், சுற்றிலும் கோடு என்று அழகு பார்த்தேனே தவிர, சர்வே எண்களைப் பார்க்கவில்லை. 3/2 என்ற எண்ணை எக்செல் தேதியாக்கிவிட்டது. அதிகாரியும் படிக்காமலே, "கலர் ஜோர்" என்று பலகையில் ஒட்டச் சொன்னார்.

"ஏனுங்க, எம் பேருக்கு நேரா பிப்ரவரி மூணுன்னு இருக்குதுங்களே, அன்னிக்கு என்ற மிளகுக் காட்டைப் புடுங்கிக்குவீங்களா?" என்று கேட்டார் விவசாயி பூபதி. அதிகாரி சிரித்தார். அவர்மேலும் என்மேலும் அருவருப்பாக இருந்தது.

எண்களைத் திருத்தி, நிறத்தை எடுத்துவிட்டு அதிகாரியிடம் நீட்டினேன்.

"பச்சை எங்கம்மா?" என்றார்.

என் ஸ்வெட்டரை அனுப்புங்கள். முகவரியைக் கணினியில் அடிக்காமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பஸ் வந்துவிட்டது. நீல ஸ்வெட்டர் அப்பா, பச்சை வேண்டாம்.

விமலா