மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால்

நீடாமங்கலம்
2 மே 2025

அன்புத் தம்பி பரிதிக்கு,

அக்கா எழுதுவது. ஊரில் அம்மா நலம், இங்கே நான் நலம், உன் மாமா நலம், எங்கள் எல்லாரையும்விட வெயில் ரொம்ப நலம். குவைத் வெயிலைப் பற்றி நீ இனிமேல் எங்களிடம் அளக்க முடியாது.

என்னடா இவள் ஈமெயிலில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று பார்க்காதே. அம்மாவின் உத்தரவு. நாம் போனில் பேசினால் பேச்சு நிலத்தில் போய் நிற்கிறது, நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் அவள் அழுகிறாள். "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே, எழுதித் தொலைங்க. எழுதுறப்ப கத்த முடியாதுல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இந்தக் குறுவைக்கே நிலத்தைச் செந்தில்குமாரிடம் குத்தகைக்கு விட வேண்டும் என்கிறாய். நான் வேண்டாம் என்கிறேன். நாம் ஒத்து வராமல் அம்மா வாயைத் திறக்க மாட்டாள். அப்பாவும் அவளும் ஊரார் வயலில் எல்லாம் நாற்று நட்டுக் களை பறித்து வாங்கிய நிலம் அது. நம் வம்சத்தில் முதல் பட்டா. அதில் இன்னொருவர் இறங்குவதை நான் வரப்பில் நின்று பார்க்க வேண்டுமா?

எனக்கு இந்த மே மாதத்தைக் கொடு. பள்ளிக்கூடம் லீவு. நான் பொழுதுபோக்காகப் புரோகிராம் எழுதுவதை நீ 'அக்காவின் சொப்புச் சாமான்' என்பாயே, அந்தச் சொப்புச் சாமான்களை வைத்தே, வேலைக்கும் போய்க்கொண்டு வயலையும் பார்க்க முடியும் என்று காட்டுகிறேன். பள்ளி திறப்பதற்குள் முடியாவிட்டால் செந்தில்குமாரிடம் நானே போய்ப் பேசுகிறேன்.

கனிமொழியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
சுடர்விழி

---

குவைத்
6 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கனிமொழி படித்துவிட்டு இரண்டு நாளாகச் சிரிக்கிறாள். அவள் உன் கட்சி.

அக்கா, போன வருஷம் பால்காரருக்குக் கணக்கு வைக்க ஒரு புரோகிராம் எழுதினாய். அவர் மாட்டையே விற்றுவிட்டுப் போனார். உன் சொப்புச் சாமான் வீட்டுக்குள் இருக்கும்வரை எனக்கு ஒன்றுமில்லை. நெல் வேறு. மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் விடிவதற்கு முன்னால் வரும். நீ நீடாமங்கலத்தில், நிலம் ஊரில். யார் மோட்டார் போடுவது? அம்மாதானே?

சரி, மே மாதம் உனக்கு. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கேட்காதே. செந்தில்குமார் நல்ல மனுஷன், நம் வயலுக்கு அடுத்த வயல்காரர், சொந்த டிராக்டர் இருக்கிறது. அவரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை.

கொய்யாப்பழம் யாரிடமாவது கொடுத்தனுப்பேன்.

தம்பி,
பரிதி

---

நீடாமங்கலம்
13 மே 2025

அன்புத் தம்பிக்கு,

பால்காரர் மாடு விற்றதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த மாதம் மாதிரி ஒரு மாதம் எனக்கு வாய்த்ததே இல்லைடா. காலையில் எழுந்ததும் இன்று என்ன வேலை, எந்த வேலை பாக்கி, ஊருக்கு எந்த பஸ் என்று என் போன் எனக்கே சொல்கிறது. ஜூன் மாத வினாத்தாள் எல்லாம் தானாகவே அச்சுக்குத் தயாராகிவிட்டன. உன் மாமா, "எனக்கும் ஒரு புரோகிராம் போட்டு விடு, நீ வீட்டுக்கு வர்ற நேரத்தைச் சொல்றாப்ல" என்கிறார்.

அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு என் குரலையே பதிந்து அவள் போனில் வைத்தேன். நேரம் வந்தால், "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்கும். அம்மா அதற்குப் பதில் சொல்கிறாள். "போட்டுட்டேன்டி, கத்தாத. சாப்டியா நீ?" பக்கத்து வீட்டு அத்தை கேட்டுவிட்டு, ரெங்கம்மாளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அடுத்தது பெரியது. மோட்டார் கொட்டகையில் ஒரு சின்ன சர்க்யூட் பலகை மாட்டியிருக்கிறேன், சிம் போட்டது. வாங்கித் தயார் செய்தது நான். கரண்ட் வேலை முழுக்க மீரா சாகிப், இங்கே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாரே, அவர். "டீச்சர், எழுதுறது உங்க பாடு, ஒயரு என் பாடு. நீங்க தொட்டீங்கன்னா நான் எறங்கிப் போயிருவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சிம்மை அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். ஓட ஆரம்பித்ததும் அதுவே திரும்ப ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணும். மறுபடி நாம் கூப்பிட்டால் நின்றுவிடும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் தானாக நிற்கும். நாற்றங்காலில் விதை விட்டாயிற்று, பார்க்கப் பச்சைப் பாய் மாதிரி இருக்கிறது. அம்மா ஒரு நாள்கூடக் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

இன்னொன்றும் செய்தேன். நான் வயலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கெல்லாம் போனே பதில் சொல்லிவிடும்: "சரிங்க, அப்படியே செஞ்சிடலாம்." காதுகுத்துக்கு வா, கோயில் கூட்டத்துக்கு வா, பிள்ளைக்குச் சீட்டு வாங்கிக் கொடு. நம் ஆட்களுக்கு யார் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லியிருக்கிறோம்? சரிங்க என்போம், அப்புறம் சமாளிப்போம். அதை இப்போது போன் செய்கிறது, அவ்வளவுதான்.

கொய்யா இப்போது இல்லை. மாங்காய் வேண்டுமானால் சொல்.

வெற்றி மிதப்பில்,
அக்கா

---

குவைத்
19 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

செந்தில்குமார் நேற்று எனக்குப் போன் செய்தார். குத்தகையைப் பற்றி அவர் உனக்கு எழுதினாராம், நீ உடனே சம்மதம் சொல்லிவிட்டாயாம். அந்தச் செய்தியை எனக்கும் அனுப்பினார். பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. முன்தினமே நல்ல நாள் பார்த்து வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். "சுடர் டீச்சர் சரின்னுட்டாங்க" என்றதும் அம்மா தட்டை வாங்கிக்கொண்டாளாம்.

இவ்வளவு தூரம் செய்துவிட்டு நீயாகவே விட்டுக்கொடுத்திருக்கிறாய். அந்த நல்ல மனசு எனக்கு இருக்குமா தெரியவில்லை. நன்றி அக்கா.

பரிதி

---

நீடாமங்கலம்
20 மே 2025

பரிதி,

சம்மதம் சொன்னது நான் இல்லை. என் போன்.

அவர் எழுதியதை நான் பார்க்கவே இல்லை. அதற்கு முன்னால் போன் "சரிங்க, அப்படியே செஞ்சிடலாம்" என்று நிலத்தைக் கொடுத்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குப் போன் போட்டால், "உனக்கும் அலுத்துப் போச்சுபோலன்னு நெனச்சேன்டி. அதான் கேக்கல" என்கிறாள். அவள் அதைச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை.

இது செல்லாது. நான் சம்மதிக்கவில்லை. செந்தில்குமாரிடம் நீ சொல்லு.

சுடர்விழி

---

குவைத்
22 மே 2025

அக்கா,

நான் எப்படிச் சொல்வது? நீ எழுதியதை அவர் கையில் வைத்திருக்கிறார். அம்மா தட்டு வாங்கியிருக்கிறாள். தட்டு வாங்கிய பிறகு இல்லை என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நேற்று நிலம் வாங்கியவர்களுக்கு வாக்குக் கிடையாது என்று ஊர் பேச வேண்டுமா?

உன்னிடம் இதுவரை சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குத்தகை நெல் வேண்டாம். நிலத்தின்மேல் கோபமும் இல்லை. கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று இருட்டில் போன அப்பா வரப்பில் விழுந்து, அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. உன் பலகை ஒரு நாள் பழுதானால் அதே வரப்பில் அம்மா நடப்பாள் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை.

அப்பா போனில் காசு செலவாகும் என்று ஒரே ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவாரே, நினைவிருக்கிறதா? நாம் திரும்பக் கூப்பிடுவோம். இப்போது ஊரிலிருந்து போன் வந்தாலே எடுக்கப் பயமாக இருக்கிறது. இவ்வளவுதான் அக்கா என் காரணம்.

பரிதி

---

நீடாமங்கலம்
1 ஜூன் 2025

என் அருமைத் தம்பிக்கு,

பத்து நாளாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இதை நீ முதலிலேயே சொல்லியிருந்தால் நாம் இத்தனை சண்டை போட்டிருக்க வேண்டாமேடா. உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டேன்.

செந்தில்குமாரை அவர் நாற்றங்காலிலேயே பார்த்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிரித்தார். ஆனால் விடவில்லை. "மெசேஜை அழிச்சிடலாம் டீச்சர். தட்டை எப்படி அழிக்கிறது? நாலு பேருகிட்ட சொல்லிட்டனே" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். தலையைக் குனிந்து பார்த்தால் அவர் நாற்று ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. அவருக்கு மூன்று இடத்தில் போர். முந்தின வாரம் கரண்ட் வந்தபோது அவர் குத்தாலத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் இருந்திருக்கிறார், மோட்டார் போட ஆள் இல்லை.

அப்போது பார்த்து நம் மோட்டார் ஓட ஆரம்பித்தது. உன் மாமா நீடாமங்கலத்தில் டீக்கடையிலிருந்து மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார். கொட்டகையில் யாரும் இல்லை, தண்ணீர் மட்டும் கொட்டுகிறது. செந்தில்குமார் வரப்பு தாண்டி வந்து கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

வழி சொன்னது அம்மாதான். "தட்டை வெறுந்தட்டாத்தான் திருப்பக் கூடாது. எதையாச்சும் வச்சுக் குடுத்தா அது மொறதானே?"

நானும் மீரா சாகிப்பும் உட்கார்ந்து இன்னும் மூன்று பலகைகள் தயார் செய்தோம். நேற்று நல்ல நாள். அதே தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் அந்த மூன்று பலகைகளையும் வைத்து அம்மா தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால். தெருவே பார்த்தது. அவர் வாசலில் நின்று, "செந்திலு, நீ குடுத்த தட்டுக்கு எதிர்த்தட்டுப்பா. உன் மூணு மோட்டாருக்கும் எம்மவ செஞ்சது. எங்க வயலுக்கு நீதான் டிராக்டர் ஓட்டணும்" என்றாள்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். குத்தகை என்ற வார்த்தையை இரண்டு பேருமே பேசவில்லை. "நாளைக்கே வந்து ஓட்டிடுறேங்க" என்றார். இன்று காலை உழவு முடிந்துவிட்டது.

ஜெயித்துவிட்டேன்டா. பெருமையாகவே சொல்கிறேன், அடக்கமெல்லாம் நாளைக்கு. தெருவில் இன்னும் சிலர் பலகை கேட்டிருக்கிறார்கள், மீரா சாகிப் கடையில் உட்கார இடமில்லை. நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது, நான் முதல் மணிக்கே போய்விடுவேன். என் போன் இனி யாருக்கும் சரிங்க சொல்லாது. "டீச்சர் வயலில் இருக்காங்க, நேர்ல பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லும்.

ஒரு வேலை உனக்கு. மோட்டார் நான்கு நம்பருக்குத்தான் கட்டுப்படும். என்னுடையது, மாமாவுடையது, அம்மாவுடையது. நான்காவதாக உன்னுடையதைப் போட்டிருக்கிறேன். மோட்டாரின் நம்பரை உனக்குத் தனியாக அனுப்பத் தேவையில்லை. அப்பா போன பிறகும் அம்மா பீரோவில் இருந்த அவருடைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டேதான் இருந்தாள். உன் போனில் அது இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாளை விடியற்காலை கரண்ட். ஒரு மிஸ்டு கால் கொடு.

உன் அக்கா,
சுடர்விழி

---

குவைத்
2 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நம்பர் இருந்தது. அழித்ததே இல்லை.

டூட்டிக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டேன். இரண்டு ரிங் போய்க் கட் ஆனது. ஓடியதா இல்லையா என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கனிமொழியும் பக்கத்தில் நின்றாள். உடனே திரும்ப வந்தது. ஒரே ஒரு ரிங். திரையில் 'அப்பா' என்று இருந்தது. பயம் வரவில்லை அக்கா.

அப்புறம் அம்மா கூப்பிட்டாள். வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறாளாம், தண்ணீர் விழும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கிறதாம். "நீதானா போட்டது? செந்திலு வரப்புல நிக்கிறாரு. எம்மவன் தண்ணி பாய்ச்சுறான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

நிலம் நம்மிடமே இருக்கட்டும். நடவுக்கு எனக்கு லீவு கிடைக்கும். வருகிறேன்.

அப்பாவிடமிருந்து மிஸ்டு கால் வந்தால் திரும்பக் கூப்பிட்டுத்தானே நமக்குப் பழக்கம். விரல் அந்தப் பெயர்மேல் போய்விட்டது. கூப்பிட்டால் மோட்டார் நின்றுவிடும் என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. கூப்பிடவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் தம்பி,
பரிதி