எந்த ஊரு எட்டு?

ஏங்க,

எழுப்பினா நேத்து சண்டை தொடரும்னுதான் எழுதி வச்சுட்டுக் கிளம்பறேன். “ஒரு கையெழுத்துதானே மெர்சி, போட்டுட்டு வா”ன்னு சொன்னீங்க. போட மாட்டேன்.

பத்தாவது கணக்குப் பரீட்சைய மூணு தடவ எழுதின மேதைதான் நான். ஆனா இந்தக் கணக்கு தூக்கத்துலயும் வரும்: ஆம்பள ஷூ ஒண்ணு அமெரிக்காவுல எட்டு, லண்டன்ல ஏழு, ஜெர்மனியில நாப்பத்தொண்ணு. ஷூ அதேதான். எங்க ஷூ கம்பெனிக்கு வந்த ஆர்டர் சீட்டுல வெறும் எட்டுன்னு இருந்துச்சு. “எந்த ஊரு எட்டு சார்?”னு சூப்பர்வைசரைக் கேட்டேன். “எட்டுன்னா எட்டுதாம்மா, நம்பரைக் குத்து”ன்னாரு. குத்தினேன். ஷூ அமெரிக்கா எட்டு, சரக்கு போனது லண்டனுக்கு. எட்டுன்னு நம்பி ஏழுல காலை விட்டா கட்டைவிரல் சும்மா இருக்குமா? மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. இப்ப “என் கவனக்குறைவு”ன்னு நான் எழுதித் தரணுமாம். கேட்டவ நான், கவனமில்லாதவளும் நானா?

நீங்க பயப்படறது எனக்காகத்தான்னு தெரியும். அதனாலதான் இந்தக் கோவத்துலயும் கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன். உப்பு ஜாஸ்தியா இருந்தா அது கோவம், கண்டுக்காதீங்க.

கேஸ் சிலிண்டர்காரர் பதினொண்ணுக்கு வருவாரு. வெளியே போனா சாவிய பக்கத்து வீட்டு ஷாஹிதா அக்காகிட்ட குடுங்க.

மெர்சி

இன்னொண்ணு: மத்தியானமே நான் வந்து நின்னா, வேலை போச்சு, கையெழுத்துப் போடலன்னு அர்த்தம். எனக்கும் ரெண்டு துண்டு மிச்சம் வைங்க. சாப்ட்டுட்டுச் சண்டை போடலாம்.