உன் மாமாவின் உள்ளங்கை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீங்கள் மூவரும் சுகமா என்று கேட்க வாய் வரவில்லை, குழந்தையின் கால் வலி தெரிந்த பிறகு அது என்ன கேள்வி. பக்கத்து வீட்டு நர்ஸ் நாளைக்கு உங்கள் ஊருக்கு வேலைக்குப் பறக்கிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் பாதியில் அழ ஆரம்பித்துவிடுவாய்.

காரியத்துக்கு வருகிறேன். வீட்டில் யாருக்காவது தோல் நோய் உண்டா என்று டாக்டர் விசாரித்ததாக அன்றைக்குக் கேட்டாயே, அப்பா போனைப் பிடுங்கி நம்ம வீட்டுல அப்படி யாருக்கும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். அது பொய்யடி. உன் மாமா பேக்கரியில் எந்நேரமும் கையுறை போட்டிருக்கிறானே, சுத்தப் பைத்தியம் என்று நீங்களெல்லாம் கேலி செய்வீர்களே, அவனுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க் கொப்புளம் வந்து வந்து போகும். தொற்றாது, சீழில் கிருமியே இல்லை என்று தோல் டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் ரொட்டி வாங்க வருகிறவர்களை நம்பவைக்க முடியுமா, அதனால் மூடி வைத்தான். குழந்தையின் எலும்பிலும் கிருமி இல்லாத வீக்கம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நர்ஸிடம் யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தோலிலும் இன்னொருவருக்கு எலும்பிலும் வருவது உண்டு, கட்டாயம் டாக்டர் காதில் போடுங்கள் என்றாள். அடுத்த வாரம் மறுபடி எலும்பைக் கீறிச் சோதிக்கப் போகிறார்கள் என்றாயே, அதற்கு முன்னால் சொல்லிவிடு. சொன்ன பிறகும் கீறத்தான் வேண்டும் என்றால் சரி, தெரியாமல் கீறக்கூடாது.

இதை அப்பாவிடம் சொன்னதும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, கடை படுத்துவிடும் என்று குதித்தார். நேராகக் கடைக்கே போனேன். உன் மாமா மாவு பிசைந்துகொண்டே, அக்கா என் பொழப்புல மண்ணைப் போடாதே என்றான். பிள்ளை மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுதுடா என்றேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையுறையைக் கழற்றி, மேசைமேல் கையை விரித்து, படம் எடுத்துக்கோ என்றான். பள்ளியில் படிக்கும்போது அவனுக்குத் தோள் எலும்பு வீங்கி மாதக்கணக்கில் வலித்தது, பந்து விளையாடி அடிபட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம், அடியே படவில்லை என்று இப்போது சொல்கிறான். அதையும் டாக்டரிடம் சொல்.

குளிரில் விளையாட விட்டேன், பார்த்து ஊட்டவில்லை என்று உன்னை நீயே தின்னாதே. நர்ஸ் சொன்னாள், ஒரே ஒரு மரபணுவைக் கைகாட்டிச் சொல்லும் விஷயம் இல்லையாம், பல சேர வேண்டுமாம், ரத்தத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் வியாதியாக வெளிப்படாதாம். என் ரத்தம் வேண்டுமென்றால் சொல், ஊசி என்றால் நடுங்குகிறவள்தான், இதற்கு இரண்டு கையையும் நீட்டுவேன்.

குழந்தை எழுந்து ஓட வேண்டும், நீங்கள் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உறையில் உள்ள படங்களை டாக்டரைத் தவிர யாரிடமும் காட்டாதே, அது உன் மாமாவின் பிழைப்பு. இது யார் வீட்டு வழியாக வந்தது என்று உன் மாமியார் கேட்டால் தலைகுனியாதே, எங்க அம்மா வழியா வந்தது என்று தைரியமாகச் சொல். திட்டினால் என்னைத் திட்டட்டும், இவ்வளவு தூரத்துக்குக் காதில் விழாது.

உன் அம்மா