மூடி போட்ட முனை

என் வாலுப் பேத்திக்கு,

நீ பெரிய பேராசிரியர். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிறேன், பிழைக்கு மார்க் குறைக்காதே.

போன மாதம் உன் ஆய்வுக்கூடத்தைக் காட்டினாயே, அந்தப் பிரமிப்பு இன்னும் தீரவில்லை. தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடி, உலகத்துப் பேச்சையெல்லாம் சுமந்துகொண்டு போகிறதாம்!

நேற்று போனில், "பாட்டி, அந்த நீல இழையில வெளிச்சம் பாதிகூட மறுமுனைக்கு வந்து சேரல. ஆறு வருஷமா போட்ட கணக்கே தப்பு போல. எல்லாத்தையும் மூட்டை கட்டிடப் போறேன்" என்று அழுதாய். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூட்டை கட்டாதே, கண்ணு. அன்று நீ வெளியே போயிருந்தபோது, சன்னலோர மேசையில் இருந்த நீல இழையின் மூடியைக் கழற்றினேன். பளபளவென்று இருக்கட்டுமே என்று முனையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மூடிவைத்தேன். நீ திரும்பி வந்து, "முனையில தூசி பட்டாலே போச்சு, பாட்டி. அதான் மூடி போட்டிருக்கோம்" என்றாய். பயத்தில் நான் மூச்சு விடவில்லை.

கணக்கை அப்புறம் பார். முதலில் அந்த முனையைச் சுத்தம் செய். வெளிச்சம் வந்ததும் போன் போட்டுத் திட்டு. அந்தத் திட்டும் அப்படியோர் இழைக்குள் வெளிச்சமாகத்தானே ஓடி வரும்!

காத்திருக்கும்,
உன் பாட்டி