காருக்கா, எஞ்சினுக்கா?

அண்ணா,

இன்றைக்குப் பதுளையில் ஒரு பழைய புத்தகக் கடையில் உன் சட்டை வாசனை அடித்தது. கார் ரிப்பேர் புத்தகம் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். திறந்தால் பக்கமெல்லாம் கிரீஸ் பட்ட விரல் அடையாளம். யாரோ வேலை செய்துகொண்டே திருப்பிய பக்கங்கள். அம்மா எத்தனை தடவை கல்லில் அடித்துத் துவைத்தாலும் உன் சட்டையை விட்டுப் போகாத அதே வாசனை. மூக்கருகே கொண்டுபோகக் கூச்சமாக இருந்தது. படிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

பழைய இரும்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை லொறியோடு வருகிறார். அதற்குள் ஸ்டார்ட் ஆனால் உன் கார் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு அது நிற்கிறது. தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போகிறார்கள். முன்பெல்லாம் உன் முகத்துக்காகப் பேசாமல் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போன காலை நினைவிருக்கிறதா? லயமே சேர்ந்து தள்ளியது. "ஏறுறதுக்கு முன்னாடியும் தள்ளணும், எறங்கின பொறகும் தள்ளணும். இதுக்கு நடந்தே போயிரலாம்டா" என்றார் ராசு மாமா. நீ ஜன்னலில் தலையை நீட்டி, "நீங்க நடந்து வாங்க மாமா. நாங்க புள்ளையத் தூக்கிட்டுத் திரும்பி வர்றப்ப வழியில பாப்போம்" என்றாய். அவ்வளவு வலியிலும் செல்வி அக்கா சிரித்துவிட்டாள்.

பழைய எஞ்சின் செத்தபோது, மொனராகலையில் உடைத்துப் போட்ட ஒரு வேனின் எஞ்சினை வாங்கி வந்து வைத்தாய். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சில திருகாணிகள் மிஞ்சும். "மிஞ்சினா நல்லதுதான் புள்ள, வண்டிக்கு எடை கொறையும்" என்று சொல்லி பால்மா டின்னில் போடுவாய். அடுத்த நாளே ஏதாவது கழன்று விழும். "ஒரு புத்தகம் மட்டும் கெடைச்சாப் போதும், இதப் புதுசாக்கிப்புடுவேன்" என்பாய். பதுளைக்குப் போகும்போதெல்லாம் தேடினாய். வாங்காமலே வந்தாய்.

வயர்களை எல்லாம் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காய்ச்சல். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏறும்போது, "வந்து முடிச்சிடுறேன். யாரையும் தொட விடாத" என்றாய். நான் யாரையும் தொட விடவில்லை. நீ போன பிறகு பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டேன். வீட்டோடு இருப்பவளுக்குக் காவல் காப்பது கஷ்டமில்லை.

போன வாரம் அம்மா பூனாகலையிலிருந்து கார் திருத்தும் கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் பொனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் என்ன, இடியப்பமா புழிஞ்சு வச்சிருக்கான்? எந்த வயர் எங்க போகுதுன்னே வெளங்கல. புத்தகம் ஒன்னு எடுத்துட்டு வாங்க, செஞ்சு பாப்போம்" என்றார். எந்தப் புத்தகம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு காருக்கு ஒரு புத்தகம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்கார நானா முதலில் கேட்டதே அதைத்தான். "என்ன மகள், காருக்கா, எஞ்சினுக்கா?"

அவரே கேட்டுக் கேட்டு, எது கார், எது வேன் என்று தெரிந்துகொண்டார். இரண்டு புத்தகங்களை என் முன்னால் வைத்தார்.

"இது காருட புத்தகம். இது அந்த வேன் எஞ்சினுக்கு. இப்ப சொல்லுங்க, வயர் எதுட வயர்? காருல இருந்ததையே இழுத்ததா, எஞ்சினோட வந்ததா? தப்பானதப் பாத்துக் கொழுவினா உள்ளதும் எரிஞ்சிடும் மகள்."

கையில் இருந்த காசு ஒன்றுக்குத்தான் காணும். இரண்டும் இங்கிலீஷ். படங்களை மட்டும் புரட்டினேன். ஒன்றிலும் நம் கார் இல்லை. அம்மாவின் சேலைக் கரையைக் கிழித்து நீ வயர்களைக் கட்டினாயே, அந்த இடம் எந்தப் படத்திலும் இல்லை.

"அண்ணன்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

அது தானாக வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே யார் எதைக் கேட்டாலும் என் பதில் அதுதானே.

"நல்லம், கேட்டுட்டு வாங்க. ரெண்டையும் எடுத்து வைக்கிறேன். அண்ணன்ட பேரென்ன?"

உன் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, இரண்டு புத்தகங்களையும் நூலால் கட்டி, காகிதத்தை அதில் செருகி மேல் தட்டில் வைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. திரும்பிப் போய், கேட்பதற்கு ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வெறுங்கையோடு வந்த என்னை அம்மா பார்த்தாள். "சாவிய எடுத்து வை. ஞாயித்துக்கெழம அந்த இரும்புக்காரருகிட்டக் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னாள். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்றிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது.

கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் கேட்கிறேன்.

அண்ணா, அந்த வயர் காரோடதா, எஞ்சினோடதா?